சாவிக்கு அண்ணன் கிடையாது

ஓர் அண்ணனையும் தங்கையையும் மூன்று பங்கு போட்டு விற்கலாம் என்பது எனக்கு முதலில் தெரியாது. அண்ணனை மேட்டு ஸ்டூடியோ வாங்கியது. தங்கையைக் கரை ஸ்டூடியோ வாங்கியது. அவர்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்ற சங்கதியைத் தனியாக ஒரு பென்சில் டப்பா கம்பெனி வாங்கியது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏலத்தில் அப்படித்தான் போனது. அந்த அண்ணனையும் தங்கையையும் உண்டாக்கியவர்கள் என் அண்ணனும் அவன் தங்கையான நானும். ஆனால் நாங்கள் சம்பளக்காரர்கள். எங்கள் கையால் பிறப்பதெல்லாம் முதலாளிக்குச் சொந்தம் என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதி வாங்கிவிட்டார்கள். அந்த வயதில் யார் படித்துப் பார்க்கிறார்கள்? வேலை கிடைத்த சந்தோஷத்தில், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

சித்திரக்கதை போடுகிற சின்னக் கம்பெனி அது. கீழே அச்சு இயந்திரம், மாடியில் நாங்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை. ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப்பக்கம் நான். அவன் எழுதுவான், நான் வரைவேன். வரையும்போது தலையைச் சாய்த்துக்கொள்வேன் என்பதால் எனக்குக் 'கோணல்' என்று பேர் வைத்தவனும் அவன்தான். அச்சுக்கூடத்து ஆட்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் நான் கோணல்தான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கதையில் ஓர் இடம் வரும். இதற்கு மேல் வசனம் எழுதினால் கெட்டுப்போகும் என்று அவனுக்குத் தோன்றும். உடனே பேனாவை மூடிவிட்டு மேஜையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். 'நான் நிறுத்திக்கொள்கிறேன், இனிமேல் உன் பாடு' என்று அர்த்தம். என்ன வரைய வேண்டும் என்று சொல்ல மாட்டான். நானும் கேட்க மாட்டேன். அழுகிற இடம், பிரிகிற இடம், காணாமல் போனவரைக் கண்டுபிடிக்கிற இடம் எல்லாம் அப்படி வந்தவைதான். வாசகர்கள் அந்தப் பக்கங்களைத்தான் கிழித்துச் சுவரில் ஒட்டினார்கள். "நீ வாயை மூடினாதான் நம்ம கதை ஓடுது" என்று அவனைச் சீண்டுவேன்.

பூட்டும் சாவியும் அந்த மேஜையில் பிறந்தவர்கள். பூட்டு, அண்ணன். அவன் கை வைத்துப் பூட்டிய கதவை எவனாலும் திறக்க முடியாது. சாவி, தங்கை. அவள் கை பட்டால் எந்தக் கதவும் திறக்கும். பூட்டு பூட்டியதைச் சாவி மட்டும்தான் திறப்பாள். அவனே நினைத்தால்கூட முடியாது. மொத்தக் கதையும் இவ்வளவுதான். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் செல்லாக்காசு. வீட்டில் அடித்துக்கொண்டே ஊரைக் காப்பாற்றுவார்கள். அந்தச் சண்டைகளுக்காக நாங்கள் வெளியே போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

கடைசி இதழில் அணை உடைகிறது. வெள்ளம் வருகிற சுரங்கத்தில் இரண்டு இரும்புக் கதவுகள். நடுவில் நின்றால்தான் இரண்டையும் பூட்ட முடியும். பூட்டு உள்ளே போய்த் தன்னையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறான். ஊர் தப்பிவிடுகிறது. சாவி ஓடி வருகிறாள். அங்கே அண்ணன் பேனாவை மூடி இரண்டு தட்டுத் தட்டினான். அவள் கை கதவைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி என்கிற மாதிரி வரைந்தேன். அடுத்த இதழில் கதவைத் திறப்பதாக இருந்தோம். அடுத்த இதழுக்கு முன்னால் கம்பெனிக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. முதலாளி கையை விரித்துவிட்டார்.

மொத்தமாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம் என்று ஏலம் விட்டவருக்கு எந்தப் புண்ணியவான் யோசனை சொன்னானோ தெரியவில்லை. அச்சு இயந்திரத்தைக்கூட முழுசாகத்தான் விற்றார்கள். பூட்டையும் சாவியையும்தான் கூறு போட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஒரு தகர டப்பாவின் மூடியில் மட்டும்தான். என் மேஜையில் ஒன்று இருக்கிறது. பென்சில் சீவின துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்களையும் சரக்கோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் மேட்டு ஸ்டூடியோவில் மூலக்கதை ஆலோசகர். நான் கரை ஸ்டூடியோவில் மூலக்கதை ஆலோசகர். இந்த உரிமைகளில் ஒரு விசேஷம் உண்டு. சில வருஷங்களுக்கு ஒரு தடவையாவது படம் எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் உரிமை கைநழுவிப் போய்விடும். அதனால் கதை இருக்கிறதோ இல்லையோ இரண்டு பேரும் எடுத்துத் தள்ளினார்கள். மேட்டு ஸ்டூடியோ படங்களில் பூட்டு கண்டதையெல்லாம் பூட்டிக்கொண்டே போவான். திறக்க ஆள் கிடையாது. ஒரு படத்தில் திருடர்களோடு சேர்த்து ஒரு வங்கியையே பூட்டினான். உள்ளே மாட்டிக்கொண்ட குமாஸ்தாக்கள் என்ன ஆனார்கள் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் படங்களில் சாவி திறந்துகொண்டே போவாள். ஓர் அப்பாவியை விடுவிக்கச் சிறைச்சாலையைத் திறந்தாள். அப்பாவி வெளியே வந்தான், பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மூட ஆள் கிடையாது. "அது ரெண்டாம் பாகத்துல பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

எங்கள் ஒப்பந்தத்தில் இன்னொரு வரி. எதிர் ஸ்டூடியோவைச் சேர்ந்த எவரிடமும் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எனக்கும் அண்ணனுக்கும் பேசிக்கொள்ள வேறு என்ன இருந்தது? சின்ன வயதிலிருந்தே நாங்கள் பேசியதெல்லாம் இல்லாத மனிதர்களைப் பற்றித்தான். அம்மா வீட்டில் சந்தித்தால் அவன் பேப்பரை விரித்துக்கொள்வான், நான் கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன். "வாடகைக்குக் குடியிருக்கறவங்ககூட இதைவிட நல்லாப் பேசிக்குவாங்க" என்று அம்மா புலம்புவாள். அம்மா போன பிறகு அந்தப் புலம்பலும் போயிற்று.

அப்படியும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தோம். வெட்டிவிட்டது ஒரு வசனம்.

பூட்டு நடித்த இரண்டாவது படம் அது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் யாருக்கும் தெரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வில்லன் கேட்கிறான், "உனக்குன்னு யாருடா இருக்கா?" பூட்டு சொல்கிறான், "கூடப் பொறந்தவங்கன்னு எனக்கு யாரும் இல்ல. இருந்ததும் இல்ல."

முதல் வாக்கியம் வக்கீல் கேட்டு வாங்கியது. புரிந்துகொண்டேன். தங்கை அவர்கள் சொத்து இல்லை, அதனால் தங்கை இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இரண்டாவது வாக்கியம் எந்த வக்கீலுக்கும் தேவைப்படாது. அது அண்ணன் கை. அவன் வசனத்தைப் பக்கத்துத் தெருவில் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். தியேட்டர் வாசலிலேயே நின்று போன் செய்தேன்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"ரெண்டாவது வரியும்?"

"அதுவும்தான். வசனத்துக்கு ஒரு ஓட்டம் வேணும்ல, கோணல்."

ஓட்டம்! போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அண்ணி மட்டும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவார். ஒரு வரிக்காகவா என்று அவரும் பல தடவை கேட்டுவிட்டார். ஒரு வரிக்காகத்தான். நாங்கள் வரியில் பிழைக்கிறவர்கள். எங்களுக்கு வேறு எதனால் அடிபடும்?

பிறகு இரண்டு பக்கமும் கூட்டம் குறைந்தது. பூட்டையும் பார்க்க ஆளில்லை, சாவியையும் பார்க்க ஆளில்லை. தனித்தனியாக விலைபோகாதது சேர்த்து வைத்தால் போகும் என்று கண்டுபிடித்தார்கள். கூறு போட்டு விற்றபோது தெரியாதது இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துவிட்டது. இரண்டு ஸ்டூடியோவும் சேர்ந்து ஒரே ஒரு படம். அணைக் கதவு திறக்கிற கதை.

எனக்கு அந்தப் படத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். கதவு திறக்க வேண்டும். திறந்ததும் சாவி 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். அவன் திரும்ப வேண்டும். 'இருந்ததும் இல்ல' என்ற வரியை அழிக்க எனக்கு வேறு ரப்பர் தெரியவில்லை.

பொது இடத்தில் சந்திப்பது என்று முடிவாகி, ஒரு ஹோட்டலின் கூட்ட அறையை எடுத்தார்கள். நீளமான மேஜை. ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். அண்ணன் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான். முடி நன்றாக நரைத்திருந்தது. ஆலோசகர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது, எதுவானாலும் வக்கீல் வழியாகத்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வக்கீலம்மா. குரல் உயர்த்தாமல் குடலை உருவுகிறவர். அவர்கள் பக்கம் ஒரு பெரிய வக்கீல், பேசும்போதெல்லாம் தண்ணீர் கிளாஸை நகர்த்தி நகர்த்தி வைப்பார்.

"ஆலோசகர்கள் விஷயத்தை முதல்ல முடிச்சுக்கலாம்" என்றார் வக்கீலம்மா. "எங்க ஆலோசகர் இந்தப் படத்தோட முடிச்சுக்கறாங்க. படம் திரையில வந்ததும் அவங்க பேரு எங்க கணக்குல இருக்காது. உங்களவர்?"

"எங்களவர் தொடர்றார். அடுத்த படமும் அவர்தான்."

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

கதவு விஷயத்துக்கு வந்தோம். "சாவிதான் திறக்கணும். அதுதான் கதை" என்று நான் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் அதை எதிர்ப்பக்கத்துக்குச் சொன்னார். அவர்களுக்குக் காது கேட்காத மாதிரி.

"முடியாதுங்க" என்றார் பெரிய வக்கீல். "எங்க ஹீரோவை உங்க ஹீரோயின் காப்பாத்தின மாதிரி ஆயிடும். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தக் கூடாது, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் தோத்துப்போகக் கூடாது, ஒருத்தரை ஒருத்தர் அண்ணாந்து பாக்கக் கூடாது. மூணும் ஒப்பந்தத்துல இருக்கு."

"அப்ப கதவை யார் திறக்கறது?" என்றார் வக்கீலம்மா.

அரை நாள் இதற்கே போயிற்று. கடைசியில் கதவை ஒரு காவலாளி திறப்பதாக முடிவு செய்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத காவலாளி. கடப்பாரையால் நெம்புவான். உலகத்தில் எவனாலும் திறக்க முடியாத கதவு, கடப்பாரைக்குத் திறந்துவிடும். இதைச் சொல்லும்போது அந்த மேஜையில் யாரும் சிரிக்கவில்லை.

"சரி. திறந்த பிறகு அவ 'அண்ணா'ன்னு கூப்பிடட்டும்" என்றேன்.

"அந்த வார்த்தை ரெண்டு பேருக்குமே சொந்தமில்லையே" என்றார் வக்கீலம்மா.

பென்சில் டப்பாக்காரரைப் போனில் பிடித்தார்கள். மனிதர் தங்கமானவர். ஒரு பைசா வேண்டாம் என்றார். படத்தில் பூட்டும் சாவியும் முதுகில் ஆளுக்கொரு ஸ்கூல் பை மாட்டியிருந்தால் போதும், அண்ணன் தங்கை என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் ஸ்கூல் பையோடு வர முடியாது என்று இரண்டு ஸ்டூடியோவும் மறுத்தன. அன்றைக்கு அவர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் விடவில்லை. "வார்த்தை வேண்டாம். பூட்டாவது 'தங்கச்சி'ங்கற மாதிரி ஏதாவது சைகை..."

பெரிய வக்கீல் கிளாஸை நகர்த்தினார். அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பூட்டுக்குத் தங்கச்சி உண்டா?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். "பூட்டு அநாதை. படத்திலேயே சொல்லியாச்சு."

எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, என் முகத்துக்கு நேரே சொன்னான். காது மடல் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போது கேட்டது. பேனா மூடுகிற 'டக்'. பிறகு மேஜையில் விரலால் இரண்டு தட்டு.

மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம்கூட இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். பென்சிலை எடுத்தேன். தலை தானாகச் சாய்ந்தது. ஸ்டூடியோ பேர் அச்சடித்த காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தேன். நெம்பித் திறந்த கதவு. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பேச்சில்லை, தொடுதல் இல்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். பார்த்தால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும், இவன் இவளுக்கு அண்ணன் என்று.

காகிதத்தை மேஜை நடுவில் தள்ளினேன். இரண்டு வக்கீல்களும் குனிந்து பார்த்தார்கள். "பார்வையை யாரும் வாங்கலையே?" என்றார் வக்கீலம்மா. பெரிய வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "இல்ல. பார்வைக்கு ஒண்ணும் போடல. அண்ணாந்து பாக்காம இருந்தா சரி. சம உயரம்னு வச்சுக்கலாம்."

அண்ணன் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்தைத் திருப்பித் தரும்போது ஓரத்தை மடங்காமல் நீவிவிட்டுத் தந்தான், பழைய நாட்களில் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் செய்கிற மாதிரி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனே சொல்ல முடியாததை என் கையில் கொடுத்துச் சொல்ல வைத்தான் என்று நினைத்தேன். இனி ஒரு போன் தூரம்தான் என்றுகூட நினைத்தேன்.

படப்பிடிப்பு தனித்தனியாக நடந்தது. மேட்டு ஸ்டூடியோ நாயகன் எங்கள் வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, எங்கள் நாயகி அவர்கள் வளாகத்துக்குள் வைக்கக் கூடாது. அவன் அங்கே நடித்ததையும் இவள் இங்கே நடித்ததையும் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவார்கள். எதிரே ஆள் இல்லாவிட்டால் நடிக்கிறவர் எங்கே பார்ப்பது? அதற்கு ஒரு குச்சியின் நுனியில் பச்சைப் பந்து ஒன்றைச் செருகி நட்டுவைப்பார்கள். அந்தப் பந்துதான் எதிராளியின் கண். இதில் ஒரு சிக்கல், மேட்டு ஸ்டூடியோ நாயகன் குள்ளம். ஊருக்கே தெரியும், போஸ்டருக்கு மட்டும் தெரியாது. எங்கள் நாயகி நல்ல உயரம். அதனால்தான் சம உயரம் என்று எழுதி, பந்து எங்கே நிற்க வேண்டும் என்றும் அளந்து கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் ஆலோசகர்களை யாரும் கூப்பிடவில்லை. பந்து நடுவதற்கு ஆலோசனை எதற்கு?

படத்தை முதலில் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டார்கள். தியேட்டரில் நடுவழிக்கு இடப்பக்கம் கரை ஸ்டூடியோ, வலப்பக்கம் மேட்டு ஸ்டூடியோ. காரில் வரும்போதே வக்கீலம்மா சொல்லியிருந்தார், "படம் முடிஞ்ச நிமிஷம் உங்க ஒப்பந்தம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க வாயை நாங்க கட்ட முடியாது. பாத்துப் பேசுங்க." நான் தலையாட்டினேன். யாராவது கேட்டால் சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டேன். ஆமாம், அண்ணன் தங்கைதான். திரையிலும் சரி, இங்கேயும் சரி.

கடப்பாரைக் காட்சி வந்தது. காவலாளி நெம்பினான். இத்தனை வருஷம் மூடிக் கிடந்த கதவு கிறீச்சென்று திறந்தது. இசை நின்றது. அவன் வெளியே வந்தான். அவள் எதிரே நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். அவனும் தரையைப் பார்த்தான்.

நன்றாக, நிதானமாக, பெரிய பெரிய முகங்களாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அவள் கண் அவன் காலடியில். அவன் கண் அவள் காலடியில். பின்வரிசையில் ஒருவர் சொன்னார், "ரெண்டு பேரும் என்னத்தைத் தொலைச்சாங்க?" தியேட்டரே சிரித்தது.

என்ன நடந்தது என்று எங்கள் ஒளிப்பதிவாளர் இருட்டிலேயே என் காதில் சொன்னார். தன் ஆள் அண்ணாந்து பார்த்ததாக ஆகிவிட்டால் வக்கீல் கிழித்துவிடுவாரே என்று எங்கள் இயக்குநர் பந்தைக் கொஞ்சம் இறக்கினாராம். இறக்கியது போதுமா என்று உதவியாளர் பயந்து இன்னும் இறக்கினாராம். அங்கேயும் அதே பயம், அதே இறக்கம். ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். மறுபடி எடுக்கலாம் என்றால், யார் பந்தை முதலில் உயர்த்துவது என்று தகராறு. அப்படியே விட்டுவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அசிங்கமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். நடுவழிக்கு அப்பால் அண்ணனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்ததும் மேடையில் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார்கள். மூலக்கதை ஆசிரியர்களாம். அவன் பக்கத்தில் நான். இரண்டு பேருக்கும் ஒரே மைக். கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். கையில் எங்கள் கடைசி இதழ், அட்டை கிழிந்து, ஒட்டுப் போட்டு வைத்திருந்தாள்.

"இந்தக் கதவுக்கு உள்ள இருக்கறது அவ அண்ணன்தானே? இதைப் படிச்சுட்டு எத்தனை வருஷம் காத்திருந்தோம்! படத்துல ஏன் ஒரு வார்த்தைகூட இல்ல? ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

மைக் முதலில் அண்ணனிடம் போயிற்று. முன்வரிசையில் பெரிய வக்கீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனான், கீழே இறக்கினான், மறுபடி தூக்கினான்.

"பூட்டுக்குக் கூடப் பொறந்தவங்கன்னு யாரும் இல்ல."

அடுத்த வாக்கியத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, மற்றக் கையால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகுதான் மைக்கை என்னிடம் நீட்டினான்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது. 'என் வாய் கட்டுப்பட்டிருக்கிறது, உன் வாய் கட்டவிழ்ந்துவிட்டது, இனிமேல் உன் பாடு' என்கிறான். நான் சொல்ல வேண்டியது என் நாக்கு நுனியில் வீட்டிலிருந்தே தயாராக வந்திருந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. கஷ்டமான இடம் வந்தால் பேனாவை மூடிக்கொண்டு என் தலையில் கட்டுவதே இவனுக்குப் பிழைப்பாகப் போயிற்று என்று தோன்றியது. இல்லை என்று சொல்வது அவன், உண்டு என்று சொல்லிக் கெஞ்சுவது நானா? ஒரு தடவையாவது, பிழைப்பு போனாலும் போகட்டும் என்று, அவன் வாயால் என்னைத் தங்கை என்று சொல்லக் கூடாதா? தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து அந்த வரியைக் கேட்டவள் நான்தானே, அவன் இல்லையே.

மைக்கை வாங்கினேன்.

"சாவிக்கு அண்ணன் கிடையாது" என்றேன். "இருந்ததும் இல்ல."

கேமராக்கள் பளிச் பளிச்சென்று வெட்டின. அந்தப் பெண் இதழை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பெரிய வக்கீலும் எங்கள் வக்கீலம்மாவும் முதல் தடவையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைத்துக்கொண்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினான் என்பது தெரிந்தது. நாற்காலி சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. மேஜைத்துணியில் அவன் தட்டிய விரல்கள் அப்படியே கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் மேடையில் எடுத்த அந்தப் போட்டோதான் வந்தது. அவன் என்னைப் பார்க்கிறான். நான் கீழே பார்க்கிறேன்.

அன்று காலையிலேயே அண்ணி போன் செய்தார்.

"நீ ஏம்மா இப்படிப் பண்ண? ராத்திரி பூரா அவர் படுக்கவே இல்ல. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தார்."

"பக்கத்துல இருக்கானா?"

"பக்கத்துலதான் நிக்கறார். போனைக் குடுத்தா வாங்க மாட்டேங்கறார்." அண்ணி ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார். பிறகு வந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றார். மேஜையில தட்டினது உனக்குக் கேட்டுச்சான்னு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குள்ள என்னவோ. கேட்டுச்சா?"

பென்சில் டப்பா எதிரே இருந்தது. மூடியை அழுத்தி மூடினேன்.

"கேக்கல அண்ணி. மைக் கைக்கு வந்த பதட்டத்துல எதுவும் காதுல விழலன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானே? அப்பாடா. இதோ சொல்றேன்" என்றார் அண்ணி. அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. அதை அப்படியே கொண்டுபோய் அவனிடம் கொடுப்பார். அவன் சரி என்று தலையாட்டுவான். ஆனால் நம்ப மாட்டான். அவன் தட்டியபோது மைக் என் கைக்கு வந்திருக்கவில்லை.